தெரிந்த கணக்குத்தானே!

"வரவு, செலவு, லாபம்! இது எங்களுக்குத் தெரியாதா?"

தொழில் கணக்கு சொல்லிக் கொடுக்க யாராவது வந்தால், பெண்கள் முதலில் கேட்பது இதுதான். கேட்பது நியாயமே. பத்து ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குச் சோறு போட்டவர்களிடம் போய் 'செலவு என்றால் என்ன?' என்று பாடம் நடத்தினால் கோபம் வராதா?

ஆனால் ஒரு சங்கதி. தெரிந்த கணக்கையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தால், சில சமயம் விடை மாறிவிடுகிறது!

எப்படி என்று பார்க்கப் பனமரத்துப்பட்டிக்குப் போவோம். சேலத்துக்குத் தெற்கே உள்ள ஊர் இது. சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-ல் அமைத்த பெரிய ஏரி இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் பூந்தோட்டங்கள். அதிலும் அரளி மிகுதி. அரளி விஷச் செடி. ஆடு மாடு வாய் வைக்காது. வறட்சியைத் தாங்கும். ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும். அதை மொட்டாகவே பறித்துச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். பண்டிகை வந்தால் விலை ஏறும். மறு வாரமே சரியும். விலை வரட்டும் என்று பானையில் போட்டு வைக்கப் பூ என்ன புளியா?

இங்கே ஒரு குடும்பம் 10 கிலோ அரளி பறித்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 100 ரூபாய். மொத்தம் 1,000 ரூபாய். மண்டிக் கமிஷன் 100, வண்டி வாடகை 60. மீதி 840 ரூபாய். "இன்றைக்கு 840 லாபம்!" என்று வீட்டில் சந்தோஷம்.

கணக்கில் தப்பு உண்டா? கூட்டலும் கழித்தலும் சரிதான்.

இதை நம்பி, "இன்னும் அரை ஏக்கர் நடுவோம். இதே போல இன்னொரு 840 வரும்" என்று கடன் வாங்குகிறார்கள். செடி வளர்ந்து பூக்கிறது. அப்போதுதான் தெரிகிறது, பறிப்பதற்கு வீட்டில் கை போதவில்லை! வெளியாள் வைத்தால் கிலோவுக்கு 30 ரூபாய் கூலி என்று கொள்வோம். 10 கிலோவுக்கு 300 ரூபாய். புதுத் தோட்டத்தில் நின்றது 540 ரூபாய்தான். அதிலும் உரம், கவாத்துச் செலவு, கடனுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும்.

அந்த 300 ரூபாய் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. பழைய தோட்டத்திலும் அது இருந்தது. மாமியாரும் மருமகளும் குனிந்து பறித்த கூலி அது. அதைக் கூலி என்று எழுதாமல் லாபம் என்று எழுதிவிட்டார்கள். கடன் வாங்குவதற்கு முன்னால் பழைய நோட்டை எடுத்து, 'செலவு' என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

கேட்டால், "வீட்டு வேலைக்குக் கூலியா?" என்று ஆண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

பெட்டியடிப் பையன்

தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துத் தொழில் பழகுவது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கல் கடைகள் நடத்திய காலத்தில், பையன்களைச் சின்ன வயதிலேயே கடையில் சேர்ப்பார்கள். அவன் பெயர் பெட்டியடிப் பையன். ஏவிய வேலையைச் செய்வான். கணக்கு எழுதப் பழகுவான். பிறகு அடுத்தாள் ஆவான். கெட்டிக்காரனாக இருந்தால் ஒரு நாள் ஏஜெண்டு ஆவான். ஏஜெண்டு வேலைக்கு மூன்று ஆண்டுத் தவணை. கடையின் நிலவரத்தை 'ஐந்தொகை' என்ற கணக்காக எழுதி, ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்ப வேண்டும்.

பையனாக இருந்தபோது எழுதியதும் பற்று வரவுதான். ஏஜெண்டாகி உட்கார்ந்து பார்ப்பதும் அதே பற்று வரவுதான். ஆனால் பையன் கண்ணுக்கு அது வெறும் எண். ஏஜெண்டு அந்த ஒரே வரியைப் பார்த்து, எந்த ஆசாமி வட்டியை இழுத்தடிக்கிறான், யாருக்கு இனிமேல் கடன் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்.

இன்றைய மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இந்த வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1989-ல், நம் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கூட்டம் கூடினால் போன கூட்டத்தில் எழுதியதை முதலில் படிப்பார்கள். சேமிப்பு எவ்வளவு, யார் கடன் எவ்வளவு பாக்கி என்று எல்லோர் காதிலும் விழ வேண்டும். "போன தடவை கேட்டதுதானே!" என்று சிலர் கொட்டாவி விடுவார்கள். அந்த நோட்டை முதல் மாதம் எழுத்துக் கூட்டி வாசித்தவர், ஆறாம் மாதம், "இந்தத் தொகை இடிக்கிறதே!" என்று கேட்பார்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் இந்த மறதியை அளந்தே பார்த்துவிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்தார். எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தார். 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுப் படிப்பது நன்றாக மனதில் தங்கும் என்று கண்டார். மனப்பாடத்துக்கே அப்படி! வியாபாரத்திலோ, இடையில் இரண்டு தடவை நஷ்டப்பட்டு வந்தவருக்குச் 'செலவு' என்ற சொல்லே வேறு மாதிரி காதில் விழும்.

சரி, அரளித் தோட்டத்துக்குத் திரும்புவோம். பண்டிகை முடிந்தது. விலை கிலோ 40 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிப்பதா, வேண்டாமா?

அதே கணக்குத்தான். கிலோவுக்குப் பறிப்புக் கூலி 30, கமிஷன் 4, வண்டி வாடகை 6. ஆக 40 ரூபாய். வெளியாள் வைத்துப் பறித்தால் கையில் தம்பிடி நிற்காது. வீட்டார் பறித்தால் 30 ரூபாய் நிற்கும். அது அவர்கள் கூலி. ஆகவே அன்றைக்குக் கூலியாளை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாமியாரும் மருமகளும் முடிந்த மட்டும் பறிக்கலாம். வேறு வேலைக்குப் போனால் அதைவிட அதிகக் கூலி கிடைக்குமா என்றும் பார்க்கலாம். முந்தின இரவே நோட்டைப் புரட்டிய வீட்டில், பொழுது விடிவதற்குள் இந்தப் பேச்சு முடிந்திருக்கும்.