திங்கட்கிழமை வேலைக்குப் போகிற பந்தயக்காரர்

பைக் பந்தயம் என்று பேச்சை எடுத்தாலே நம் ஊரில் வருகிற முதல் கேள்வி, "ஜெயிச்சா எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். நான் சொல்லப்போகிற ஆளுக்குக் காசாக ஒன்றும் கிடைக்காது. ஒரு கேடயம் கிடைக்கலாம். எங்கள் வண்டியில் ஜெயித்தாயே என்று பைக் கம்பெனி ஒரு சின்னத் தொகையை, உதிரி பாகம் வாங்கிக்கொள்ளக் கடைக் கணக்கில் வரவு வைக்கலாம். மற்றபடி நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல், வழிச்செலவு எல்லாம் கைக்காசு. அப்புறம் எதற்கய்யா இந்த வேலை என்கிறீர்களா? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சாவகாசமாகச் சொல்கிறேன்.

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், நாற்பத்திரண்டு வயது, எலக்ட்ரீஷியன் வேலை, இரண்டு பிள்ளைகள். திங்கள் முதல் வெள்ளி வரை வீடுகளுக்கு ஒயரிங். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் பைக் பந்தயம். இப்படிப்பட்டவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சாலை இல்லாத பந்தயம் என்றதும் உங்களுக்கு டக்கார் ஞாபகம் வரும். 2024-ல் நம் கேரளத்து ஹரித் நோவா டிவிஎஸ் அணிக்காக ஓட்டி, ராலி 2 பிரிவில் முதலாவதாக வந்தாரே, அது. அது பாலைவனத்தில் இரண்டு வாரம் நடக்கிற, கம்பெனிகள் பணம் கொட்டுகிற சமாசாரம். நம் எலக்ட்ரீஷியன் ஓட்டுவது கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி, சுருக்கமாக ஜிஎன்சிசி. 1975-ல் மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் என்ற சின்ன மலையூரில் 'பிளாக்வாட்டர் 100' என்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். நூறு மைல், சதுப்பு, ஆறு, பாறை. அதைத் தொடங்கிய டேவ் கூம்ஸின் முயற்சியில் முளைத்த தொடர்தான் இது.

தடம் ஒரு சுற்றுக்குச் சுமார் 16 கிலோமீட்டர், சில ஊர்களில் இன்னும் கூட. மரங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் நுழைகிற அளவு இடைவெளி, வேர், ஓடை, செங்குத்து மேடு. முன்னணி வீரர்களுக்கே ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். கணக்குப் போட்டால் மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். இதென்ன வேகம், எங்கள் ஊர் டவுன் பஸ் இதைவிட வேகமாகப் போகுமே என்று சிரிக்காதீர்கள். உட்காராமல், ஃபுட்ரெஸ்ட் மேல் நின்றபடி, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கல்லிலும் வேரிலும் மூன்று மணி நேரம் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். முன்கை இறுகிக் கல்லாகிவிடும், கிளட்சைப் பிடிக்க விரல் வராது. இதற்குப் பயந்தே பலர் வாரநாளில் விடியற்காலை எழுந்து சைக்கிள் மிதிக்கிறார்கள்.

இத்தனை சுற்று என்று இலக்கு வைப்பதில்லை. நேரம்தான் இலக்கு. பிற்பகல் ஒரு மணிக்குத் தொழில்முறை வீரர்களும், மேல்தட்டு அமெச்சூர்களும் மூன்று மணி நேரம் ஓட்டுவார்கள். காலையில் மற்ற அமெச்சூர்களுக்கு இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று முடித்தாரோ அவர் முன்னால். சுற்று சமமானால் முதலில் கோட்டைத் தாண்டியவர் முன்னால். ஹெல்மெட்டில் ஒரு சிறிய கருவி ஒட்டியிருக்கும், ஒவ்வொரு சுற்றையும் அது பதிவு செய்துவிடும்.

இப்போது இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் இதுதான். எல்லாரும் ஒரே காட்டில், ஒரே சேற்றில் ஓட்டினாலும், எல்லாரும் எல்லாரோடும் போட்டி போடுவதில்லை. திறமைக்கு ஏ, பி, சி என்று மூன்று படி. அதற்குள் சில வகுப்புகள் எஞ்சின் அளவுப்படி, சில வயதுப்படி. முப்பதைக் கடந்தவர்களுக்குத் தனி, நாற்பதுக்குத் தனி, ஐம்பதுக்குத் தனி, அறுபதைத் தாண்டிய தாத்தாக்களுக்கும் தனி வகுப்பு உண்டு. பெண்களுக்கு உண்டு, சிறுவர்களுக்கும் உண்டு. நம் ஆள் நாற்பது வயதுக்கு மேற்பட்ட சி வகுப்பு. அன்றைக்கு மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் அவருடைய பந்தயம் தன் வரிசையில் நிற்கிற இருபது முப்பது பேரோடு மட்டும்தான். பெரும்பாலும் அவர்களும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, முதுகுவலியோடு வாழ்கிறவர்கள். ஆகவே பதினான்காவது இடமா, பதின்மூன்றாவது இடமா என்பதற்காக உயிரைக் கொடுத்து ஓட்டுவதில் அர்த்தம் வந்துவிடுகிறது.

இதில் திருட்டுத்தனம் இல்லாமலா? பி வகுப்புக்குப் போகவேண்டிய திறமை இருந்தும் கேடய ஆசையில் சி-யிலேயே ஒதுங்கி நிற்கிற ஆட்கள் உண்டு. அவர்களைச் 'சாண்ட்பேக்கர்' என்று எல்லாரும் கரித்துக்கொட்டுவார்கள். தொடர்ந்து ஜெயித்தால் மேல் வகுப்புக்கு ஏற்றிவிட விதி இருக்கிறது. அப்படி ஏறுகிற ஆள், போன வருடம் முதலிடத்தில் வந்தவர், இந்த வருடம் பதினெட்டாவதாக வருவார். ஏறியது தண்டனையா பெருமையா என்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

தொடக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. வயல்வெளியில் வரிசை வரிசையாக வண்டிகள். வரிசைக்கு ஒரு வகுப்பு. எஞ்சின் எல்லாம் அணைந்திருக்கும். அதுதான் விதி. நூற்றுக்கணக்கான பைக்குகள் நிற்கிற மைதானத்தில் உங்கள் வரிசையின் முறை வரும்போது ஒரே நிசப்தம். "பத்து விநாடி!" என்று ஒருவர் கத்துவார். நம் ஆள் கட்டைவிரலை செல்ஃப் பட்டன் மேல் வைத்திருக்கிறார். கிளட்சைப் பிடித்திருக்கிறார். வண்டி இரண்டாவது கியரில். வாய்க்குள் வறட்சி. கொடி அசைந்ததும் முப்பது எஞ்சினும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, முதல் வளைவை நோக்கி ஒரே இடத்துக்குப் பாயும். எஞ்சின் முதல் அழுத்தில் பற்றவில்லையென்றால் அவ்வளவுதான், இரண்டு விநாடிக்குள் எல்லார் புழுதியும் உங்கள் முகத்தில். சிறிது நேரத்தில் அடுத்த வரிசைக்குக் கொடி. பின்னால் கிளம்பியவர்களில் வேகக்காரர்கள் கொஞ்ச நேரத்தில் முதுகில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். வழி விட்டுக்கொண்டேயும் போக வேண்டும், நேரத்தை இழக்கவும் கூடாது.

நடுக்காட்டில் ஒரு சேற்று மேடு வரும். அங்கே பத்துப் பேர் சிக்கி, சக்கரம் சுழன்று, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். புதியவர் அந்தக் கும்பலின் பின்னால் போய் நிற்பார். அனுபவசாலி நிற்காமல் பக்கவாட்டில் பார்ப்பார். தடத்தைக் காட்டும் அம்புக்குறிகளை விட்டு ரொம்ப விலகக் கூடாது, ஆனால் அந்த அளவுக்குள் எந்த மரத்துக்கு இடப்பக்கம் போவது என்பது உங்கள் இஷ்டம். வேர் தெரிகிற இடத்தில் பிடிமானம் இருக்கும், வழவழவென்று மின்னுகிற களிமண்ணில் இருக்காது. பலர் சக்கரத்தில் டியூப்கூட வைப்பதில்லை, உள்ளே கெட்டியான நுரை வளையம் வைத்திருப்பார்கள், முள் குத்தினாலும் காற்று போகிற கதையே இல்லை. காலைப் பந்தயம் முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தான் இரண்டு முறை விழுந்த அதே மேட்டுக்கு நடந்து போய் நம் ஆள் பிற்பகலில் வேடிக்கை பார்ப்பார். தொழில்முறை வீரர் நின்றவாக்கிலேயே, ஒருமுறைகூடக் காலை ஊன்றாமல் ஏறிப் போவார். எங்கே பிசகினோம் என்று அப்போதுதான் புரியும். கிரிக்கெட் ரசிகருக்குச் சேப்பாக்கம் ஆடுகளத்தில் இறங்கி ஆட இந்த மாதிரி ஒரு வாய்ப்பு கிடைக்குமா?

புள்ளிக் கணக்கும் சாமானியனுக்குச் சாதகமானதுதான். முதலிடத்துக்கு 30, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 21, நான்காவதுக்கு 18, ஐந்தாவதுக்கு 16, பிறகு ஒவ்வொன்றாக இறங்கும். ஒருவர் ஒரு பந்தயத்தில் ஜெயித்து அடுத்த இரண்டில் விழுந்து புள்ளியே எடுக்காமல் போனால் கையில் வெறும் 30. மூன்று பந்தயத்திலும் மூன்றாவதாக வந்த ஆளிடம் 63. ஆகவே சீசன் கேடயம் வாங்குகிறவர் வகுப்பிலேயே வேகமானவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வண்டியையும் எலும்பையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சீசன் பிப்ரவரி வாக்கில் தெற்கில் தொடங்கும். வடக்கே பனி மூடியிருக்கும் காலம் அது. ஃபுளோரிடாவின் மணல், தென் கரோலினா, ஜார்ஜியாவின் களிமண். வெயில் ஏற ஏறப் பந்தயமும் வடக்கே ஏறும். ஒஹையோவில் மில்ஃபீல்ட், மேற்கு வர்ஜீனியாவில் ஸ்னோஷூ என்கிற பனிச்சறுக்கு மலை. நடுக்கோடையில் ஓய்வு. அக்டோபரில் இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் 'அயர்ன்மேன்' என்ற கடைசிப் பந்தயத்தோடு முடியும். மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று பந்தயம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வேனில் பைக்கை ஏற்றி இரவெல்லாம் ஓட்டிப் போய், வயலில் கூடாரம் போட்டு, ஞாயிறு மாலை கிளம்பி நள்ளிரவில் வீடு சேர்வது. எல்லாப் பந்தயத்துக்கும் போக முடியாத ஆட்கள் வட்டாரத்துச் சின்னப் பந்தயங்களில் நிறைவு காண்கிறார்கள்.

மில்ஃபீல்ட் பந்தயத்துக்கு ஜான் பென்டன் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் ஒஹையோக்காரர்தான். காலம் பார்த்து ஓட்டுகிற எண்டியூரோ என்ற பழைய வகைப் பந்தயத்தில் பெரிய கை. அந்த வகையில் பந்திக்கு முந்துகிற சங்கதி செல்லாது. குறித்த சராசரி வேகத்தில், குறித்த நிமிடத்தில் சோதனைச் சாவடிக்கு வர வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு புள்ளி அபராதம், ஒரு நிமிடம் முன்னால் வந்தால் இரண்டு. சாவடி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியாது. மிச்சிகன் மாநிலத்தில் 1923-ல் தொடங்கிய 'ஜாக் பைன்' இந்த வகையில் புகழ்பெற்றது. அதன் பரிசு ஒரு மாட்டு மணி. அதற்காக ஆட்கள் இரண்டு நாள் காட்டில் உழன்றார்கள். அந்தக் காலத்துக் கனமான வண்டிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன பென்டன், ஆஸ்திரியாவில் மாட்டிக்ஹோஃபன் என்ற ஊரில் இருந்த சிறிய கம்பெனியிடம் போய், எடை குறைந்த காட்டு பைக் ஒன்று செய்து தரும்படி கேட்டார். 1968-ல் அது பென்டன் என்ற பெயரில் அமெரிக்காவில் இறங்கியது. செய்துகொடுத்த கம்பெனி கேடிஎம். நம் தெருவில் கல்லூரிப் பையன்கள் டியூக் ஓட்டுகிறார்களே, அதே கேடிஎம்தான்.

வாரநாளில் நடப்பதைச் சொன்னால்தான் படம் முழுமையாகும். செவ்வாய்க்கிழமை இரவு, கராஜில் ஒற்றை விளக்கு. சீட்டைக் கழற்றினால் ஏர் ஃபில்டர். காகிதத்தில் செய்ததில்லை, எண்ணெயில் ஊறிய நுரைப் பஞ்சு. ஞாயிற்றுக்கிழமைப் புழுதியெல்லாம் அதில் அப்பியிருக்கும். அதை இதற்கென்று உள்ள திரவத்தில் ஊறவைத்து, பிழியாமல், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அழுக்கை வெளியேற்ற வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் தையல் விட்டுப்போகும். காய்ந்ததும் புது எண்ணெய் தடவி, விளிம்பில் கிரீஸ் பூசி உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வாயை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பார். விரல் சுத்தமாக வந்தால் நிம்மதியாகத் தூக்கம். நறநறவென்று ஒரு துகள் தட்டினால் பிஸ்டன், சிலிண்டர் என்று செலவு வாசலில் வந்து நிற்கிறது. இந்த வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் சின்ன மீட்டர்தான் வைத்திருப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில், இத்தனை மணிக்கு ஒரு பிஸ்டன் என்று ஓட்டுகிறவர்களே மெக்கானிக்காகவும் இருக்கிறார்கள்.

அடிபடுமா என்றால், படும். காறை எலும்பும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். தொழில்முறை வீரருக்கு அது வேலையில் பட்ட அடி. எலக்ட்ரீஷியனுக்கு அது வேலையையே கெடுக்கிற அடி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் நம் ஆள் பெரிய பள்ளத்தின் விளிம்பில் ஒரு கணம் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துகிறார். அதைக் கோழைத்தனம் என்று அந்த வரிசையில் நிற்கிற யாரும் சொல்வதில்லை, அவர்களும் அதே கணத்தில் தளர்த்துகிறவர்கள்தான். இருபது வயதுப் பையன் தளர்த்த மாட்டான். அவனுக்கு வேறு வகுப்பு இருக்கிறது.

நம் ஊரிலும் இந்த ஆசை இப்போது பரவி வருகிறது. ஓசூர், கோவைப் பக்கம் பல பையன்கள் ஞாயிறு தோறும் மண் தடம் தேடிக் கிளம்புகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவன் இருந்தால் தடுக்காதீர்கள். பொதுச் சாலையில் சாகசம் காட்டாமல், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமம் எடுத்து, முறையாக நடக்கிற பந்தயத்துக்குப் போகச் சொல்லுங்கள். முதலில் சேர்க்கிற காசில் நல்ல ஹெல்மெட், முழங்கால் வரை வருகிற பூட்ஸ், முட்டிக் காப்பு, மார்புக் கவசம் இவற்றை வாங்கச் சொல்லுங்கள். சத்தம் போடுகிற சைலன்சர் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.