ஏமாந்தால் மறைக்காதீர்கள், 1930-ஐ அழையுங்கள்



'தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை' என்று செய்தியில் கேட்டால், அது அதிகாரிகள் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது நம் வீட்டுக் கைப்பேசி வரை வந்திருக்கிறது.

கணினித் தாக்குதல்களைக் கவனிக்க 2004 முதல் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசு அமைப்பு இயங்குகிறது. 2013-இல் தேசியக் கொள்கை வெளியானது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று ஒருவர் மறைத்தால், அதே வழியில் அடுத்தவரும் தாக்கப்படுவார் அல்லவா? அந்த ஆண்டு நவம்பரிலேயே டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியதாயிற்று. கொள்கை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

தனி மனிதருக்கும் இதே விதி பொருந்தும். பணம் பறிபோனவர்களுக்காக உள்ள உதவி எண் 1930. அங்கு சொன்னதும் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிக்குப் போகும். பணம் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்கு மாறியிருந்தால் அங்கே தகவல் போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். நாமே ஓடிபி-யைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், புகார் கொடுத்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை கூறுகிறது.

'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. வீடியோ அழைப்பில் எந்தப் போலீஸும் பணம் கேட்காது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பணம் திரும்பாமல் போவதற்கு நம் வீடுகளில் வெட்கமும் ஒரு காரணம். 'மகனுக்குத் தெரிந்தால் ஏசுவான்', 'வெளிநாட்டிலிருந்து அவர் அனுப்பிய காசு, எப்படிச் சொல்வேன்' என்று இரண்டு நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். அந்த இரண்டு நாள்தான் மோசடிக்காரனுக்கு வேண்டியது. ஏமாந்தவரை ஏசாதீர்கள், முதலில் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியத் தெரியாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், பதிந்து தருகிறோம்.