மூன்று வயதுக் குழந்தைக்குச் சுத்த போசனமா?

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், ஒரு மாலை வேளை, எங்கள் ஊர் அங்கன்வாடியின் ஆசிரியை பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் நம் மதத்தைச் சார்ந்தவர் அல்லர். கையில் குழந்தைகளின் எடையைக் குறிக்கும் பதிவேடு இருந்தது. சற்றுத் தயங்கியபின், "ஃபாதர், உங்கள் வேதத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விரதம் உண்டா?" என்று கேட்டார். திருநீற்றுப் புதனுக்குப் பிறகு நம் குடும்பத்துக் குழந்தைகளில் ஏழு பேர் அவித்த முட்டையைத் தொடுவதில்லையாம். கேட்டால், அம்மா வேண்டாமென்று சொன்னதாகக் கூறுகிறார்களாம். அவ்வேழு பேரில் ஒரு பெண் குழந்தை முன்னமே எடை குறைந்தவள். அவளை எண்ணியே தாம் வந்ததாகச் சொன்னார்.

எனக்கு நாணமாயிற்று. தவக்காலத்து முதல் ஞாயிறன்று, பெரியோர் சிறியோர் அனைவரும் ஒறுத்தல் செய்ய வேண்டுமென்று பிரசங்கத்தில் முழங்கியவன் நானே. சிறியோர் என்றால் எந்த வயதினர் என்று ஒரு வார்த்தையேனும் விளக்கினேனில்லை.

திருச்சபைச் சட்டம் இக்காரியத்தில் தெளிவாகவே பேசுகிறது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் 1252ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். சுத்த போசனக் கடமை 14 வயது நிறைந்தோர்க்கே உரியது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது நிறைவெய்தும் வரையில்தான். கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் நோயாளிகளும் தங்கள் உடல்நிலையை முன்னிட்டு விலக்குப் பெறுவது நெடுநாளைய வழக்கம். மேலும், சுத்த போசனம் என்பது மாமிசத்தை விலக்குவதே. முட்டையும் பாலும் அத்தடையில் அடங்கா என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1966ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்தார். மீனுக்கும் தடையில்லை. நாற்பது நாளும் மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றை வீட்டிற்குள்ளேயே விடாதிருப்பது நம் முன்னோர் தாமாக மேற்கொண்ட பக்தி முயற்சி. அது போற்றத்தக்கதே. ஆனால் கட்டளையன்று.

மறுநாள் அக்குழந்தையின் வீட்டிற்குச் சென்றேன். தந்தை கட்டட வேலைக்கும், தாய் ஜவுளிக் கடைக்கும் போயிருந்தார்கள். பாட்டியின் மடியில் குழந்தை இருந்தாள். ஒரு சிறு டம்ளர் தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து, "சாமி, சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றார். "எங்கள் வீட்டில் நாற்பது நாளும் சுத்த போசனம், சாமி. பிள்ளையும் எங்களோடுதான்" என்று பெருமையோடு சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தபின் கடிந்துரைக்க யாருக்கு மனம் வரும்?

குழந்தை அன்று என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தேன். காலையில் தேநீரும் ரஸ்க்கும். நண்பகலில் ரசம் சோறு. மாலையில் மீண்டும் தேநீர். இரவில் நீர்த்த அரிசிக் கஞ்சி. "சின்ன வயிறு, கனமானது செரிக்காது, சாமி" என்றார் பாட்டி.

வயிறு சிறியது என்பது முற்றிலும் உண்மை. ஆகவேதான் அதனை நீரால் நிரப்பலாகாது. ஒரு கிண்ணத்திற்கு மேல் ஏற்காத வயிற்றில் அந்தக் கிண்ணம் முழுவதும் நீர்த்த கஞ்சியாயிருந்தால், குழந்தை நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாத கெட்டிப் பதமே குழந்தைக்கு ஏற்ற பதம். சோற்றுடன் பருப்பைக் குழைத்து, மசித்த கீரை சேர்த்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால், அதே கிண்ணம் அவளுக்கு வலுவூட்டும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரிக்கும் நம் பழைய வழக்கத்திலும் பொருளிருக்கிறது. முளைவிட்ட தானியத்தின் மாவு கஞ்சியை அதிகம் இறுக விடுவதில்லை. அதனால் அதே அளவு நீரில் கூடுதல் மாவைச் சேர்க்க இயலுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. இதை விட்டுவிட்டு, பளபளப்பான உறையில் வரும் பிஸ்கட்டுக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

முட்டையின் அருமையைப் பாட்டிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம் மகளுக்குப் பேறுகாலத்தில் நாள்தோறும் அவித்துக் கொடுத்தவர் அவர். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்து, தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கும் நாளிலிருந்தே, நன்றாக வெந்த முட்டையைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். (ஓராண்டு நிறையுமுன் தேன் மட்டும் நாவில் தடவவே கூடாது. சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகள் இதனைக் கருத்தில் கொள்க. தேனிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகலாம்.)

தேநீரைப் பற்றித்தான் எங்களுக்குள் வழக்கு நீண்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழகத்தில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுடையோர். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேரவொட்டாமல் தேநீரின் துவர்ப்பு தடுத்துவிடுகிறது. நேர்மாறாக, எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, ஒரு துண்டு கொய்யாப்பழமோ உடன் சேர்ந்தால் அச்சத்து நன்கு சேருகிறது. "நாங்களெல்லாம் டீ குடித்துத்தானே வளர்ந்தோம், சாமி?" என்றார் பாட்டி. அதற்கு நான் சொன்ன விடை அவரைத் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை.

பின்பு அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "முட்டையும் மீனும் தின்றுகொண்டிருந்தால் பிள்ளைக்குத் தவக்காலம் எப்படித் தெரியும்?" அதே 1252ஆம் எண், சிறுவர்களுக்கு ஒறுத்தலின் உட்பொருளைக் கற்பிக்கும் கடமையைப் பெற்றோர் மீதும் எங்கள் மீதும் சுமத்துகிறது என்பது உண்மையே. பிடியரிசியை நினைவூட்டினேன். உலை வைக்குமுன் ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியை அக்குழந்தையின் கையாலேயே எடுத்துப் பானையில் போடச் சொல்லலாமே. மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தையும் எடுத்துரைத்தேன். தொழுகைக்கூடத் தலைவரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவர், சுற்றி நின்றோர் மலைத்து நிற்கையில், சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்தாரல்லவா? அவள் பசியை அவர் மறக்கவில்லை.

என் பங்கிற்கும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. மறைக்கல்வி வகுப்பிற்குத் தவறாமல் வரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் மிட்டாய் கொடுத்து வந்தவன் நான். இப்போது சுண்டல் கொடுக்கிறோம். மிகச் சிறியவர்கள் விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளாதபடி, அவர்களுக்கு மட்டும் மசித்துத் தருகிறோம். முதல் இரண்டு ஞாயிறுகளில் வருகை குறைந்ததை மறைப்பதற்கில்லை.

இவ்வாண்டு, திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு, சிலுவைப்பாதை நேரங்களை அறிவிக்குமுன், 14, 18, 59 என்னும் மூன்று எண்களையும் பீடத்திலிருந்து இருமுறை வாசித்தேன். சில நாள் கழித்து அந்த ஆசிரியை வழியில் எதிர்ப்பட்டார். ஏழு குழந்தைகளும் முட்டை உண்கிறார்களாம். அந்தப் பெண் குழந்தையின் எடை ஏறியிருக்கிறதாம். மாலைத் தேநீரைப் பாட்டி மட்டும் இன்னும் நிறுத்தவில்லை, ரஸ்க்கை நிறுத்தியிருக்கிறார்.