இணையத்தில் சிபாரிசு விலைக்குக் கிடைக்குமா?

இணையத்தளம் வைத்திருக்கும் வியாபாரிகள் பலருக்கும் ஒரே மாதிரியான கடிதம் ஒன்று மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. "உங்கள் தளம் கூகுளில் பின்னால் நிற்கிறது. ஐந்நூறு லிங்க் போட்டுத் தருகிறோம். ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும்" என்பதே அதன் சாரம். இப்போது வட்ஸ்அப்பிலும் வருகிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரியிலிருந்து எல்லவில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுபவர் வரை யாரையும் இது விட்டுவைப்பதில்லை.

கேட்கும் தொகை பெரிதல்ல என்பதால் பலரும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மூடை சீனி வாங்கும்போது நிறையைப் பார்க்கிறோம். துணி வாங்கும்போது கையால் தடவிப் பார்க்கிறோம். இந்தச் சரக்கை மட்டும் என்னவென்று தெரியாமலே வாங்குகிறோம். ஆகவே இந்த லிங்க் என்பது என்ன, அதற்கு ஏன் பெறுமதி வந்தது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

லிங்க் என்பது என்ன?

வேறொருவருடைய இணையத்தளத்தில் உங்கள் கடையின் பெயர் இருக்கிறது. அதை அழுத்தினால் உங்கள் தளம் திறக்கிறது. அதுதான் லிங்க், அதாவது இணைப்பு.

1990களில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்தே அதை வரிசைப்படுத்தின. மாணிக்கம், மாணிக்கம் என்று இருநூறு தடவை எழுதி வைத்தவர் முன்னுக்கு வந்துவிடுவார். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லெரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் வேறு விதமாக யோசித்தார்கள். ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைவிட மற்றவர்கள் அவரை எவ்வளவு சுட்டிக்காட்டுகிறார்கள் என்று பார்த்தால் என்ன? ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்தளவுக்கு அதற்கு மதிப்பு என்ற கல்வி உலகின் வழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு முறைக்கு பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். 1998 செப்டெம்பரில் கூகுள் கம்பனி பிறந்தது.

நம் வியாபாரிகளுக்கு இது புதிய விடயமே அல்ல. புறக்கோட்டையில் புதிதாக வந்த ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால் மொத்த வியாபாரி என்ன கேட்பார்? "உங்களை யாருக்குத் தெரியும்?" என்றுதான் கேட்பார். முப்பது வருடம் நாணயமாக நடந்த ஒரு முதலாளி "இவர் நம்பிக்கையான ஆள்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். தெருவில் போகும் இருபது பேர் சொன்னாலும் அந்தப் பாரம் வராது. அந்த முதலாளியும் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறவராக இருந்தால் அவர் சொல்லுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

பேஜ்ரேங்க் கணக்கும் இப்படித்தான். இணைப்புத் தருபவருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறதோ அதில் ஒரு பங்குதான் உங்களுக்கு வரும். அவர் நூறு பேருக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் அந்த மதிப்பு நூறாகப் பிரியும். இணைப்பு எந்தச் சொல்லின் மீது போடப்பட்டிருக்கிறது என்பதையும் கூகுள் பார்க்கிறது. "பேருவளை நீலக்கல்" என்ற சொல்லிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு வந்தால், நீங்கள் அந்த வியாபாரம் செய்பவர் என்று விளங்கிக்கொள்கிறது.

சிபாரிசுக்குப் பெறுமதி வந்தவுடன் சிபாரிசை விற்பவர்களும் வந்துவிட்டார்கள்.

பெரிய கடைக்கு வந்த சோதனை

ஜே.சி. பென்னி என்பது அமெரிக்காவின் பழைமையான, பெரிய சில்லறைக் கடைத்தொகுதி. 2010 இறுதியில் பண்டிகைக் கால வியாபாரம் சூடு பிடித்திருந்த வேளையில், உடுப்பு, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என எதைத் தேடினாலும் கூகுளில் இந்தக் கடையே முதலாவதாக வந்தது. சம்சொனைட் பயணப் பெட்டி என்று தேடினால்கூட, அந்தப் பெட்டியைச் செய்யும் கம்பனியின் தளத்தையும் தாண்டி பென்னி மேலே நின்றது.

நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் சந்தேகம் வந்தது. துறை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தது. பென்னியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன. சூதாட்டம் பற்றிய தளத்தில் உடுப்புக் கடைக்கு இணைப்பு! பல்கேரியாவில் வீடு காணி விற்கும் தளத்தில் விருந்து உடுப்புக்கு இணைப்பு!

2011 பெப்ரவரியில் பத்திரிகை இதைக் கூகுளிடம் காட்டியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்குப் பயணப் பெட்டித் தேடலில் முதலாம் இடத்தில் இருந்த பென்னி, இரண்டு மணித்தியாலத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று கம்பனி சொன்னது. அந்த வேலையைப் பொறுப்பெடுத்திருந்த நிறுவனத்தையும் விலக்கியது. ஆனால் இடம் இழந்தது பென்னிதான். கணக்குப்பிள்ளை செய்த பிழைக்கும் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே மாதம் ஓவர்ஸ்டொக் என்ற இணையக் கடைக்கும் தண்டனை கிடைத்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்கு மதிப்பு அதிகம் என்று தெரிந்து, அவர்களுடைய பக்கங்களில் இணைப்புப் போட்டால் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் கழிவு தருவதாக அக்கடை ஏற்பாடு செய்திருந்தது. கழிவு கொடுப்பது வியாபாரத்தில் வழமைதான். ஆனால் அதை இணைப்புக்கு விலையாகக் கொடுத்ததே பிழையாகிவிட்டது.

2013 பெப்ரவரியில் பிரிட்டனில் இன்டர்ஃபுளோரா என்ற பூ வியாபார நிறுவனம் கூகுளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. அதன் பெயரையே எழுதித் தேடினாலும் அதன் தளம் வரவில்லை. பிராந்தியப் பத்திரிகைகளின் இணையத்தளங்களில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரைகளையே துறையினர் காரணமாகக் காட்டினார்கள். அதே நாட்களில் கூகுளும் காசுக்கு இணைப்பு விற்பது பற்றி மீண்டும் எச்சரித்தது. சுமார் பதினொரு நாட்களில் தளம் திரும்பி வந்தது. அன்னையர் தினம் அங்கு பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். பூக்கடைக்கு அதற்கு முந்திய வாரங்கள் எப்படிப்பட்டவை என்று பெருநாளுக்கு முந்திய வாரங்களில் துணிக்கடை நடத்துபவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது என்ன நிலைமை?

2012 ஏப்ரல் 24ஆம் திகதி கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கை இணைப்புகளால் மேலே வந்தவர்களை இது கீழே இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் நூற்றுக்கு மூன்று அளவானவை இதனால் மாறின. 2016 செப்டெம்பரிலிருந்து இந்தச் சோதனை ஓயாமல் நடக்கிறது. போலி இணைப்பு என்று கண்டால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் பின்னர் பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசெம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற இயந்திர அறிவையும் இதற்குப் பூட்டினார்கள். இணைப்பு வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் அது கண்டுபிடிக்கிறது.

ஆகவே இன்று ஐந்நூறு இணைப்பு வாங்குபவருக்கு இரண்டில் ஒன்று நடக்கலாம். கூகுள் அவற்றைக் கவனிக்காமல் விட்டால் காசு கடலில் கரைத்த பெருங்காயம். கையால் எடுக்கும் நடவடிக்கையில் மாட்டினால் தளமே பின்னுக்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைப்புகளின் முக்கியத்துவமே முன்னரைவிடக் குறைந்திருக்கிறது. அது இப்போது முதல் மூன்று காரணங்களில் ஒன்றல்ல என்று 2023இல் கூகுளின் அதிகாரி ஒருவர் பகிரங்கமாகச் சொன்னார். அதற்காக அது தேவையில்லை என்று ஆகாது. நல்ல சிபாரிசு எப்போதும் நல்லதுதான்.

பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர் இப்படியான விலைப்பட்டியல் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். "நானா, இதுக்குச் சல்லி குடுக்கலாமா?" என்று கேட்டார். "உங்களை ஏற்கனவே தெரிந்தவர்கள் யார்?" என்று நான் கேட்டேன். வியாபாரச் சங்கத்தில் அங்கத்தவர். வெளிநாட்டில் இரண்டு நகைக்கடைகள் அவருடைய கல்லைத்தான் பதிக்கின்றன. பிள்ளைகளுக்குக் கல் வெட்டப் பழக்கும் ஒரு நிலையத்துக்கும் உதவுகிறார். இவர்களில் ஒருவருடைய தளத்திலும் இவருடைய முகவரி இல்லை! தெரிந்தவர்களிடம் கேட்காத சிபாரிசைத் தெரியாதவர்களிடம் காசுக்கு வாங்கப் போயிருக்கிறார்.

அந்தக் காசை அவர் வேறு விதமாகச் செலவழித்தார். கெவுட கல்லைச் சூடாக்கினால் அது ஏன் நீலமாகிறது, சூடாக்காத கல்லை எப்படி அறிவது, ஆய்வுகூடச் சான்றிதழை எப்படி வாசிப்பது என்று தெளிவான படங்களோடு ஆங்கிலத்தில் சில பக்கங்கள் எழுதுவித்தார். "சிலோன் நீலக்கல்" என்ற பெரிய சொல்லுக்கு அவர் இன்னும் முன்னுக்கு வரவில்லை. ஆனால் இப்படியான குறிப்பான கேள்விகளுக்கு அவருடைய பக்கம் வருகிறது. கேட்டு எழுதுபவர்களும் கல்லைப் பற்றி ஓரளவு விளங்கிக்கொண்டே எழுதுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. நியாயமாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஒரு கம்பனியின் முகவரா? அவர்களுடைய முகவர் பட்டியலில் உங்கள் தள முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுமதி செய்பவர் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் விபரக்கொத்திலும், விடுதி நடத்துபவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவிலும் இடம்பெற வேண்டும். சங்கங்களின் தளங்களையும் மறக்க வேண்டாம்.

2. மற்றவர்கள் எடுத்துக்காட்டக்கூடிய ஒரு பக்கத்தையாவது எழுதுங்கள். பெயின்ட் விற்பவர் எத்தனை சதுர அடிக்கு எத்தனை லீற்றர் தேவை என்று எழுதலாம். விடுதிக்காரர் பஸ், ரயிலில் வரும் வழியை எழுதலாம். தமிழிலும் சிங்களத்திலும் இப்படியான பக்கங்கள் குறைவு. ஆகவே போட்டியும் குறைவு.

3. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு இணைப்புப் போடாதவர்கள் இருப்பார்கள். மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இதற்குச் செலவே இல்லை.

4. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரி மாறினால், பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்றம் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல வருடம் சேர்த்த இணைப்புகள் மூடிய கதவில் போய் முட்டும்.

5. தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளத்தைச் செய்து தந்தவருடைய பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சேர்ந்த சிபாரிசு எல்லாம் அந்த முகவரிக்குத்தான் சொந்தம். கடையின் உறுதியை மற்றவரிடம் விட்டுவைப்போமா?

6. உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியிருப்பவர்கள் கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யுங்கள். இது இலவசம். தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே அங்கு வரிசை அமைகிறது. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நல்ல கருத்துகளைக் காசுக்கு எழுதுவிக்க வேண்டாம். அதுவும் போலிச் சிபாரிசுதான்.

7. சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியைக் கூகுள் தருகிறது. உங்கள் தளத்துக்கு யார் யார் இணைப்புத் தந்திருக்கிறார்கள், உங்கள் மீது ஏதும் நடவடிக்கை இருக்கிறதா என்பதை அதில் பார்க்கலாம். மாதம் ஒரு முறை பார்ப்பது போதும்.

விளம்பரம் செய்வதில் குற்றமில்லை. வேறொரு தளத்தில் காசு கொடுத்து இணைப்புப் போடலாம். ஆனால் அது காசு கொடுத்தது என்று தேடுபொறிக்கு விளங்கும்படி அடையாளமிட வேண்டும். அதற்கென 2005 முதல் ஒரு குறியீடு இருக்கிறது. 2019இல் விளம்பரத்துக்கென்றே தனிக் குறியீடும் வந்தது. உங்கள் தளத்தைப் பராமரிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இப்படிப் போட்டால் வரிசையில் முன்னேற்றத்தை எதிர்பார்க்க முடியாது. வாடிக்கையாளர் வருவார். விளம்பரத்தின் நோக்கமும் அதுதானே.

ஆளை அமர்த்துவதானால்

இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமர்த்துவதற்கு முன்னர் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தளங்களில் இணைப்பு வரும்? பட்டியல் தருவீர்களா? அந்தத் தளக்காரருக்குக் காசு கொடுக்கிறீர்களா? உங்களோடு உடன்படிக்கை முடிந்தால் அந்த இணைப்புகள் இருக்குமா, போகுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

முதலாம் இடம் நிச்சயம் என்று உத்தரவாதம் தருபவரை அத்தோடு அனுப்பிவிடுங்கள். அப்படி எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நல்ல வேலையின் பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை எடுக்கும் என்றும் அது சொல்கிறது.

இந்த வாரம் கடை பூட்டிய பின்னர் ஒரு தாளை எடுங்கள். உங்களை உண்மையாகவே தெரிந்த பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். சரக்குத் தருபவர், சரக்கு வாங்குபவர், சங்கம், நீங்கள் உதவிய பாடசாலை என யாராகவும் இருக்கலாம். அவர்களில் இணையத்தளம் உள்ளவர்கள் யார், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்துக்கு நாளைக் காலையே ஒரு தொலைபேசி அழைப்பை எடுங்கள்.