டைரியில் தூங்கிய 40 ஆசைகள் ஒர்க் ஷீட்டிற்கு வந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் முதல் வாரத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியாகிவிட்டது. இனி இதில் என்ன செய்வது?" பாட்டு கேட்கலாம், போட்டோக்களைச் சேமிக்கலாம், சாலிடேர் ஆடலாம் என்றுதான் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். வாழ்நாளில் செய்துவிட வேண்டும் என்று நீங்கள் மனதில் வைத்திருப்பவற்றை ஒரு ஒர்க் ஷீட்டில் டைப் செய்திடுங்கள். கம்ப்யூட்டரும் பழகும், வேறு சிலவும் நடக்கும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜான் காடர்ட் என்ற அமெரிக்கர் 1940ஆம் ஆண்டு, தன் 15 வயதில், 127 குறிக்கோள்களை எழுதி வைத்தார். நைல் நதியில் பயணம், கிளிமஞ்சாரோ மலை ஏறுதல் போன்ற பெரிய ஆசைகளுக்கு நடுவே, நிமிடத்திற்கு 50 சொற்கள் டைப் செய்வது என்பதும் அதில் இருந்தது. 1950-51ல் இரண்டு நண்பர்களுடன் சிறு படகில் நைல் பயணத்தை முடித்தார். 2013ல் அவர் மறைந்தபோது பட்டியலில் பெரும்பகுதி முடிந்திருந்தது. நிலவுக்குப் போகும் ஆசை நிலவிலேயே நின்றுவிட்டது.

நானும் 1988ல், 24 வயதில், ஒரு டைரியின் கடைசிப் பக்கங்களில் 40 வரிகள் எழுதினேன். நீச்சல் கற்பது, சொந்த வீடு, ஆர்மோனியத்தில் ஒரு முழுப் பாட்டு வாசிப்பது, அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போவது என்று கலவையாக இருக்கும். 2004ல் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதையெல்லாம் டைப் செய்து சேமித்தேன். சேமித்ததோடு சரி. டைரியில் தூங்கியது ஹார்ட் டிஸ்க்கில் தூங்கத் தொடங்கியது.

2016ல் புதிய கம்ப்யூட்டர் வாங்கி, பழைய பைல்களைக் காப்பி செய்து, இந்தப் பைலைத் திறந்தேன். தமிழையே காணோம். ஆங்கில எழுத்துகளும் கமாக்களும் அடைப்புக்குறிகளுமாக ஒரு குப்பை. வைரஸ் என்றே நினைத்துவிட்டேன். காரணம் வேறு. அந்தக் காலத்தில் நாங்கள் பயன்படுத்திய பல தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் இப்படித்தான் தெரியும். இவற்றை யூனிகோட் தமிழாக மாற்றித் தரும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்களிடம் பழைய பைல்கள் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். புதிதாக டைப் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்தால், தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறலாம்.

மாற்றிய பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். வீடு முடிந்தது. மகள் படிப்பு முடிந்தது. ஏழாவது வரி: அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போவது. 2004ல் அதை டைப் செய்தபோது அம்மாவுக்கு 68 வயது. மாடிப்படி ஏறி வற்றல் காயப்போடுவார். மகளின் பரீட்சை, என் இடமாற்றம், வீட்டுக் கடன் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப் போட்டேன். 2009ல் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 2011ல் போய்விட்டார்.

அந்த வரியை டெலீட் செய்ய மனம் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு புதிய நெட்டு வரிசையை ஏற்படுத்தினேன். தலைப்பு: யாருடைய நேரம்? நீச்சலுக்கு நேராக என் பெயர். ஆர்மோனியத்திற்கும் என் பெயர். சிலவற்றுக்கு வேறொருவர் பெயர் வந்தது. அவர்கள் வயதை அடுத்த நெட்டு வரிசையில் டைப் செய்தேன். 40 வரிகளில் ஆறு வரிகள்தான் அப்படிப்பட்டவை. நான் அவசரப்பட வேண்டியது அந்த ஆறுக்கு மட்டும் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

இப்போது என் ஒர்க் ஷீட்டில் உள்ளவை இவ்வளவுதான்: குறிக்கோள், யாருடைய நேரம், அவர் வயது, முதல் வேலை, அதற்கான தேதி, முடிந்த தேதி. எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும், இலவசம். செலவு, முக்கியத்துவம், சதவீதம் என்று நெட்டு வரிசைகளை அடுக்காதீர்கள். நான் ஒரு காலத்தில் கட்டங்களுக்கு வண்ணம் பூசியே மூன்று மாலைகளைக் கழித்தவன்.

தேதியில் ஒரு கவனம் வேண்டும். விண்டோஸில் ரீஜியன் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் மார்ச் 5 என்று நினைத்து 5-3 என டைப் செய்வது மே 3 ஆகப் பதிவாகும். ரீஜியனை இந்தியா என மாற்றிவிடுங்கள். முடிந்த தேதியை இட, செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளிக் கீயை அழுத்தினால் அன்றைய தேதி அமரும். விசைப்பலகை தமிழில் இருந்தால் இது வேலை செய்யாமல் போகலாம்; ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் மீதி என்று பார்க்க, முதல் வேலையின் தேதியிலிருந்து டுடே பங்ஷனைக் கழிக்க வேண்டும். விடை ஏதோ ஒரு பழைய தேதி போல வந்தால் பயப்பட வேண்டாம். கண்ட்ரோலுடன் 1 அழுத்தி, செல்லின் பார்மட்டை நம்பர் என மாற்றினால் நாள் கணக்கு தெரியும்.

அடுத்தது சார்ட். வயது அதிகமானவர் மேலே வருமாறு பட்டியலை அடுக்க வேண்டும். முதல் முறை நான் வயது உள்ள நெட்டு வரிசையை மட்டும் தேர்வு செய்து சார்ட் கொடுத்துவிட்டேன். எக்ஸெல் எச்சரித்தது; படிக்காமல் அடுத்த பட்டனை அழுத்தினேன். வயதுகள் மட்டும் இடம் மாற, மற்றவை அப்படியே நின்றன. பத்து வயதுப் பேத்திக்கு 86 வயது! கண்ட்ரோலுடன் இஸட் காப்பாற்றியது. தலைப்பு உட்பட முழுப் பட்டியலையும் தேர்வு செய்த பிறகே சார்ட் செய்திடுங்கள்.

சரியாக அடுக்கியதும் மேலே வந்து நின்றவர் லால்குடியில் இருக்கும் என் அத்தை. "அத்தை வாயால் தாத்தா கதைகளைக் கேட்டுப் பதிவு செய்வது" என்று டைரியில் 31ஆவதாக எழுதியிருந்தேன். முதல் வேலை என்ற செல்லில், லால்குடி போவது என்று எழுதவில்லை. அத்தை மகனுக்கு போன் செய்து, அத்தை எந்த நேரத்தில் தெளிவாகப் பேசுவார் என்று கேட்பது என எழுதினேன். இரண்டு நிமிட வேலை. அதனால்தான் நடந்தது. காலை எட்டு மணிக்கு, காபி குடித்த பிறகு என்றார் அத்தான்.

மொபைல் போனை அருகில் வைத்து 70 நிமிடம் பதிவு செய்தேன். பாதி நேரம் மிக்ஸி சத்தம். "இதெல்லாம் எதுக்குடா உனக்கு?" என்று நடுவில் இரண்டு முறை கேட்டார். தாத்தா மாட்டு வண்டியில் குடும்பத்தோடு ஊர் மாறி வந்த கதை இப்போது ஒரு ஆடியோ பைலாக என் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒன்று, அத்தான் வீட்டில் ஒன்று என்று இருக்கிறது. பட்டியலுக்கும் இதே போல வேறு இடத்தில் ஒரு காப்பி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிவிட்டுச் சாவதில்லை.

நீச்சல் இன்னும் ஆகவில்லை. ஆர்மோனியமும் இல்லை. அவை கீழே இருக்கின்றன, இருக்கட்டும்.

ஒரே பைலில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இடம் தரலாம். ஷீட்டின் பெயர் உள்ள டேப் பக்கத்தில் கூட்டல் அடையாளம் இருக்கும். அதில் கிளிக் செய்திட்டால் இன்னொரு ஷீட் திறக்கும். போன மாதம் என் மனைவி அப்படி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றே வரிகள். முதல் வரியில் காசி என்று டைப் செய்துவிட்டு, யாருடைய நேரம் என்ற இடத்தில் என் பெயரையும் என் வயதையும் இட்டாள். தேதியையும் அவளே போட்டுவிட்டாள். முதல் வேலை, டிக்கெட் பதிவு செய்வது. அது என் தலையில்.