லா ரிசர்வ் (சிவப்பு வைன்)

லா ரிசர்வ் என்பது கர்நாடக மாநிலத்தின் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் உருவாக்கிய கலப்புச் சிவப்பு வைன் ஆகும். இந்நிறுவனம் 2012 ஆம் ஆண்டு முதல் குரோவர் சாம்பா எனப்படுகிறது.

இயல்பும் சுவையும்

கபெர்னே சோவினியோன், சிரா ஆகிய திராட்சை வகைகள் இதில் கலக்கப்படுகின்றன. முன்னது உறுதியான துவர்ப்பைத் தருகிறது. பின்னது கனிந்த பழச்சுவையையும் மிளகை ஒத்த மணத்தையும் சேர்க்கிறது. துவர்ப்புக்குக் காரணம் பழத்தோலிலும் விதையிலும் உள்ள டேனின்கள் ஆகும். ஓக் மரப் பீப்பாயில் முதிரும்போது துவர்ப்பு மென்மையடைந்து, வனிலா மணம் ஏறுகிறது.

விளைநிலம்

வெப்ப நிலங்களில் விளையும் திராட்சையில் இனிப்பு விரைவாகக் கூடிப் புளிப்பு குறையும். புளிப்பு குறைந்தால் வைன் சுவை மங்கும். நந்தி மலைப் பகுதியின் உயரமும் குளிர்ந்த இரவுகளும் அப்புளிப்பைக் காக்க உதவுகின்றன.