அளவு பிளவுஸை வீட்டிலேயே வையுங்க!

‘உங்க சைஸ் இல்லைக்கா!’ தி.நகர் துணிக்கடையில் நாலு பேர் முன்னால் இதைக் கேட்டுக் கூசிப்போய், கிடைத்த தொளதொள குர்த்தியோடு திரும்பும் பெண்கள் பலர். தொளதொள உடை உடம்பை மறைக்காது, இன்னும் பெருசாகவே காட்டும்.

தைத்துப் போடலாம்தான். ஆனால், டெய்லரிடம் பழைய அளவு பிளவுஸைக் கொடுத்தால் அதிலுள்ள கோளாறும் புதுசுக்கு வந்துவிடும். கூச்சப்படாமல் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மார்பு, இடுப்போடு கைச்சுற்றும் ஆர்ம்ஹோலும் முக்கியம். கையைத் தூக்கினால் இழுக்கிறதா? பெரும்பாலும் ஆர்ம்ஹோல் வெட்டில்தான் வம்பு. மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு பிரின்சஸ் கட் கச்சிதம். காட்டன் என்றால் வெட்டும் முன்பே நனைத்துக் காயவையுங்கள். பக்கவாட்டில் 1 அங்குலம் உள்தையல் விட்டால், எடை கூடினாலும் பிரித்துக்கொள்ளலாம்.

ட்ரையலில் கண்ணாடி முன் நின்றால் போதாது, உட்கார்ந்தும் பாருங்கள்.